ஒரு வாரமும் மீதி ஐம்பத்தொரு வாரமும்

(மும்பை மாட்டுங்காவில் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டிலிருந்து சில நாள் தொண்டு செய்ய வரும் இளைஞர்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். தாராவியின் அறுபதடிச் சாலையிலும் தொண்ணூறடிச் சாலையிலும் அவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள், குழந்தைகளோடு விளையாடுகிறார்கள், ஒரு வாரம் ஆனதும் விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு இருக்கிறது. கடல் கடந்து வந்து நம் ஏழைகளுக்காக உழைக்கிறார்களே, தெய்வப் பிறவிகள் என்பார் சிலர். படம் எடுத்துக்கொண்டு போக வருகிறார்கள், இல்லையென்றால் மதம் மாற்ற வருகிறார்கள் என்பார் வேறு சிலர். இந்த இரண்டு பேச்சும் வந்தவரைப் பற்றியே கவலைப்படுகின்றன. அவர் வந்துபோன தெருவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்க வந்திருக்கிறேன்.

இளைஞர்களை வெளியூருக்கு அனுப்புவதையே ஒரு முறையாக வகுத்து வைத்திருக்கும் சமயக் குழு ஒன்று உண்டு. உலகம் அவர்களை மார்மன்கள் என்று சொல்லும். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட முழுப்பெயர். 1830-இல் ஜோசப் ஸ்மித் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. இன்று தலைமையிடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் சிட்டி. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அங்கே ஊழியத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். எந்த ஊருக்குப் போவது என்று அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தலைமையகத்திலிருந்து அழைப்பு வரும், அதில் உள்ள ஊருக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு, பெண் பிள்ளைக்கு ஒன்றரை ஆண்டு. சம்பளம் கிடையாது. செலவைத் தானும் குடும்பமும் சேர்ந்து ஏற்க வேண்டும். இன்று இப்படி உலகெங்கும் 70,000-க்கும் மேற்பட்டோர் ஊழியத்தில் இருக்கிறார்கள்.

அவர்களுடைய ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். விடிகாலையில் எழுந்து படிப்பு, பிறகு மொழிப் பயிற்சி, பிறகு தெரு. எப்போதும் இருவர் இருவராகத்தான் போக வேண்டும். தனியே நடமாடக் கூடாது. மார்பில் பெயர்ப் பட்டை. பத்தொன்பது வயதுப் பையனை 'மூப்பர்' என்று அழைக்கிறார்கள், பெண்ணைச் 'சகோதரி' என்கிறார்கள். போதிப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு வாரமும் சில மணி நேரம் அக்கம்பக்கத்தாருக்கு உடலுழைப்பு தர வேண்டும்: இலவசமாக ஆங்கிலம் சொல்லித் தருவது, முதியவர் வீட்டைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகள். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குக் கடிதம் எழுத. முன்பெல்லாம் வீட்டாரோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டு நாள்தான் அனுமதி: கிறிஸ்துமஸ் அன்று ஒருமுறை, அன்னையர் தினத்தன்று ஒருமுறை. 2019 பிப்ரவரியிலிருந்துதான் வாரந்தோறும் பேசலாம் என்று தளர்த்தினார்கள்.

அவர்களுடைய சமயக் கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரிமை. ஆனால் பத்தொன்பது வயதில் தன் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, சொன்ன ஊருக்குப் போய், சொந்தக் காசில் பிறருக்கு உழைக்கும் அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். அந்த மதிப்போடுதான் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன். கட்டுப்பாடும் நல்லெண்ணமும் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு இந்த மும்பையே சாட்சி. 1852-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஹியூ ஃபிண்ட்லே என்ற மார்மன் ஊழியர் பம்பாயில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு, 1853-இல், சால்ட் லேக் சிட்டியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு குழு கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் நம் சென்னைக்கு வந்தார். 1849-இல் சால்ட் லேக் சிட்டியில் மார்மன்களின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர். கையில் பணம் வைத்துக்கொள்ளாமல், யார் சோறு போடுகிறார்களோ அவர்கள் வீட்டில் தங்கி ஊழியம் செய்ய வேண்டும் என்ற வைராக்கியத்தோடு வந்தவர்கள் இவர்கள். பாலன்டைன் சென்னையில் மாத இதழ்கூட அச்சிட்டார், ஆங்கிலத்தில். ஃபிண்ட்லே பம்பாயில் பாதிரிமார்களின் எதிர்ப்பையும் பத்திரிகைகளின் எதிர்ப்பையும் தாங்கிக்கொண்டு பூனாவுக்குப் போய்ச் சிறு சபை ஒன்றை அமைத்தார். படை முகாம்களுக்குள் போதிக்க அதிகாரிகள் விடவில்லை. மார்மன்களின் பலதார மணம் பற்றிய செய்தியும் அந்த ஆண்டுகளில்தான் உலகெங்கும் பரவியது. 1856-க்குள் எல்லோரும் புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

அவர்களிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் பேசியது பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த சிப்பாய்களோடும் உத்தியோகஸ்தர்களோடும்தான். மக்களின் மொழி அவர்களுக்கு வசப்படவில்லை. ஊரின் சாதி, குடும்பம், தொழில் எதிலும் காலூன்றவில்லை. அவர்கள் போன பிறகு அந்த வேலையைத் தொடர உள்ளூரில் ஆள் இல்லை. ஆகவே அவர்களோடு அதுவும் போயிற்று.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சி 1978 டிசம்பரில் நடந்தது. சமோவா தீவில் வாழ்ந்து, அங்கே அந்தச் சபையில் சேர்ந்திருந்த எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு என்ற தம்பதி குறுகிய கால ஊழியர்களாக ஹைதராபாத்துக்கு வந்தார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு, சொந்த மொழியோடு வந்தார்கள். எல்சியின் தந்தையே ஒரு போதகர். மார்மன்களின் வேதநூலான மார்மன் புத்தகத்தைத் தெலுங்கில் பெயர்த்தவர் அவர். ஃபிண்ட்லேயும் பாலன்டைனும் எவ்வளவோ உழைத்தும் வேர் பிடிக்காத ஒன்று, இவர்களின் குறுகிய வருகையில் வேர் பிடித்தது. 1982-இல் அந்த நூலின் பகுதிகள் தமிழிலும் வந்தன. 1993-இல் பெங்களூரைத் தலைமையாகக் கொண்டு இந்தியாவுக்கென்று ஊழிய அமைப்பு உருவாயிற்று. சமயத்தைப் பரப்புவதைப் பாராட்டவோ பழிக்கவோ இதைச் சொல்லவில்லை. எந்த வேலையானாலும் வந்தவர் போன பின் அதை நடத்த ஓர் உள்ளூர்க்காரர் இருந்தால்தான் நிற்கும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. அதற்காகச் சொல்கிறேன்.

இனி நம் தமிழ்நாட்டுக்குப் போவோம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் தோட்டநாவல் என்ற கிராமம். அங்கே ரைசிங் ஸ்டார் அவுட்ரீச் என்ற அமைப்பு, தொழுநோயாளர் குடியிருப்புகளில் பிறந்த பிள்ளைகளுக்காகப் பள்ளியும் விடுதியும் நடத்துகிறது. அதைத் தொடங்கியவர் அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த பெக்கி டக்ளஸ் என்ற மார்மன் பெண்மணி. தம் மகள் ஒருத்தியை இழந்த பிறகு, அந்த மகள் இந்தியாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்காகப் பணம் அனுப்பி வந்தது தெரிய வர, இந்தியாவுக்கு வந்தவர். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள் பத்மா வெங்கட்ராமன் தொழுநோயாளர் குடியிருப்புகளில் சிறுகடன் தந்து தொழில் தொடங்க வைக்கும் பணியில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்தார்; இருவரும் கைகோத்தார்கள். கோடை விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து இளைஞர்கள் அங்கே வருகிறார்கள்; அவர்களில் மார்மன் பிள்ளைகள் நிறைய. நடமாடும் மருத்துவக் குழுவோடு குடியிருப்புகளுக்குப் போய் நோயாளிகளின் கால் கழுவிக் கட்டுப்போட உதவுகிறார்கள். மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இந்தக் கால் கழுவுதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். என் வாதம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. கையும் காலும் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும் தெரியாது, அடுப்பு சுட்டாலும் தெரியாது. தெரியாத காயத்தின்மேல் நடந்து நடந்து பாதத்தில் புண் ஆழமாகிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு இதைத்தான் உலகுக்கு விளக்கினார்: விரல்கள் அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அழிகின்றன. கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் கிருமியை 6 மாதத்திலோ 12 மாதத்திலோ ஒழித்துவிடலாம். ஆனால் செத்த நரம்புக்கு உணர்வு திரும்பாது. ஆகவே நோய் குணமானவரும் ஆயுள் முழுவதும் தினமும் காலைத் தண்ணீரில் ஊற வைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, எண்ணெய் தடவி, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும். புண் வந்துவிட்டால் ஆற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கட்டு மாற்ற வேண்டும், காலுக்கு ஓய்வு தர வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். யூட்டா மாநிலத்துப் பெண் ஒருத்தி வந்து ஒரு வாரம் ஒரு பெரியவரின் காலைக் கழுவுகிறாள். பெற்ற மக்களே தொடத் தயங்கிய காலை முன்பின் அறியாத ஒருத்தி தொடுகிறாள். அதன் மேன்மையை நான் துளியும் குறைக்க மாட்டேன். ஆனால் எட்டாம் நாள் அவள் போய்விடுவாள்; புண் அங்கேயே இருக்கும். எட்டாம் நாள் கட்டு மாற்றுவது யார்? அந்த வட்டாரத்துச் செவிலியர், அல்லது குடியிருப்பிலேயே பயிற்சி பெற்ற ஒரு பெண். அவர் இருக்கும் இடத்தில் யூட்டாப் பெண்ணின் ஒரு வாரம் அவருக்கு இரண்டு கூடுதல் கை. அவர் இல்லாத இடத்தில் அந்த ஒரு வாரம் வந்தவளுக்கு ஓர் அனுபவம், நோயாளிக்கு ஓர் ஏமாற்றம். வரும் ஒரு வாரத்தின் மதிப்பு, இருந்து வேலை செய்பவரின் ஐம்பத்தொரு வாரத்தைப் பொறுத்தது. நான் சொல்ல வந்தது இதுதான்.

அன்பர்களே, அப்படி இருந்து வேலை செய்தவர்களின் வரலாறு நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றியே கிடக்கிறது. தொழுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1890-இல் மாநகராட்சி ஆணையர் ஆக்வர்த் முயற்சியால் இந்த மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளர்களுக்கு ஒரு விடுதி எழுந்தது. இன்று வடாலாவில் ஆக்வர்த் மருத்துவமனை என்று நாம் சொல்வது அதைத்தான். அன்றைய வழி, நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைப்பது. 1976-இல் டாக்டர் ஆர். கணபதி சயானில் பம்பாய் லெப்ரசி புராஜெக்ட்டைத் தொடங்கியபோது வழி மாறியது. நோயாளியை அடைத்து வைக்காமல், தாராவி போன்ற குடிசைப் பகுதிகளுக்கு மருத்துவமே நடந்து போயிற்று. வேலையை விடாமல், வீட்டை விடாமல் மருந்து சாப்பிட முடிந்தது.

தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனை. அங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்த டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை ஏற்படுத்தினார். குறைமாதத்தில் பிறந்த ஏழைக் குழந்தைக்கு இன்னொரு தாயின் பால் கிடைத்தது. மருத்துவமனைக்குள் எவ்வளவு உழைத்தாலும் வீட்டில் நடப்பதை மாற்றாமல் குழந்தையைக் காக்க முடியாது என்று கண்டு, 1999-இல் 'ஸ்நேஹா' அமைப்பைத் தொடங்கினார். அங்கே வீடு வீடாகப் போகும் தொண்டர்கள் அந்தந்தச் சந்திலேயே குடியிருக்கும் பெண்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீட்டில் அடி விழுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை ஒரு வாரத்தில் யாரும் சம்பாதிக்க முடியாது.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டரை ஒட்டிய பரப்பில் லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் இடம், பொதுக் கழிப்பறை, ஓர் அறையில் ஒரு குடும்பம். தாராவி அழிந்துவிடும் என்றுதான் ஊர் பேசியது. அப்போது மாநகராட்சி ஊழியர்களோடு சேர்ந்து சந்து சந்தாகப் போய்க் காய்ச்சல் பார்த்தவர்களில், அங்கேயே சிறு கிளினிக் வைத்திருந்த தனியார் மருத்துவர்களும் இருந்தார்கள். மக்கள் அவர்களை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள், கதவைத் திறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை உலகுக்கே எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

நம் தமிழர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1960-களில் தச்சராக மும்பைக்கு வந்து, செம்பூரைத் தாண்டியிருந்த ஜனதா காலனியில் வாழ்ந்தார். அள்ளாமல் கிடந்த குப்பையைக் குழந்தைகளைக் கொண்டு பொட்டலம் கட்டி, மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட வைத்து, அதிகாரிகளைப் பேச்சுக்கு இழுத்தவர். 1976-இல் அந்தக் காலனியை அரசு இடித்து, மக்களைச் சீட்டா கேம்புக்கு மாற்றியது. அவர் ஒதுங்கவில்லை. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தெடுத்தார். பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த பெண்களின் 'மஹிலா மிலன்' அதோடு சேர்ந்தது. 2000-இல் மகசேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018-இல் மறைந்தார்.

அவர் வகுத்த முறை ஒன்று நம் பொருளுக்கு நேரே வருகிறது. அவரும் வெளிநாட்டுக்கு ஆட்களைச் சில நாட்களுக்கு அனுப்பினார். மும்பை நடைபாதைப் பெண்கள் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்கள். அங்கே தகரக் குடிசையில் வாழ்ந்தவர்கள் மும்பைக்கு வந்தார்கள். தினம் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் எப்படிச் சேமிப்பது, தங்கள் குடியிருப்பைத் தாங்களே எப்படிக் கணக்கெடுப்பது, வீட்டு மாதிரியைத் துணியாலும் அட்டையாலும் முழு அளவில் எப்படிக் கட்டிப் பார்ப்பது என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். அதிலிருந்து உலகக் குடிசைவாசிகள் அமைப்பு ஒன்றே 1996-இல் பிறந்தது. அந்தப் பயணங்களும் சில நாட்கள்தான். ஆனால் போனவரும் கற்றார், அழைத்தவரும் கற்றார். கற்றதை ஊருக்குத் திரும்பி மறுநாளே செய்யத் தொடங்கினார்கள். ஒரு வாரம் போதாது என்று நான் சொல்லவில்லை. அந்த வாரம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன்.

மதம் பற்றிய கவலையைத் தொடாமல் போக மாட்டேன். நம் அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு. பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் அதன் இடத்தில் இருக்கட்டும். அறம் அதைவிட எளிதாகவே வழி காட்டுகிறது. பசித்தவனுக்குச் சோறு போடும்போது அவனிடம் எதையும் கேட்கக் கூடாது: அவன் மதத்தையும் கேட்கக் கூடாது, அவன் வாக்கையும் கேட்கக் கூடாது, அவன் படத்தையும் கேட்கக் கூடாது. தாராவியில் சுற்றுலா நடத்தும் ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனமே, வருகிறவர் படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. காசு வாங்கி ஊர் சுற்றிக் காட்டுபவருக்கு இருக்கும் கண்ணியம் தொண்டு செய்பவருக்கு இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும்.

ஆகவே விருந்தினர் வருமுன் வீட்டுக்காரர்களாகிய நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்த வேலையைக் கேட்டது யார், தெருவில் இருப்பவரா, வருகிறவரா? இதை யாருடைய பொறுப்பில் செய்யப் போகிறீர்கள், நீங்கள் போன பின் அவர் இருப்பாரா? உதவிக்குப் பதிலாக எதையாவது எதிர்பார்க்கிறீர்களா? இந்த மூன்றுக்கும் நேர்மையான விடை இருந்தால் எந்த நாட்டுப் பிள்ளையானாலும், எந்த மதத்துப் பிள்ளையானாலும் வாசலில் நின்று வரவேற்போம். விடை இல்லையென்றால் ஒரு டம்ளர் தேநீர் கொடுத்து மரியாதையாக வழியனுப்புவோம்.

வந்தவர்களைக் கேட்டுவிட்டு நம்மைக் கேட்காமல் போவது நியாயமில்லை. மாட்டுங்காவுக்கு அடுத்த நிலையம் சயான். சயானில் இறங்கி மேற்கே நடந்தால் தாராவி. அங்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டு, இட்லி அவித்து, தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் இருக்கிறார்கள். இங்கே மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பள்ளியும் கல்லூரியும் சபாவும் கட்டி எழுப்பிய தமிழர்கள் இருக்கிறோம். சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி 1932-இல் இந்த மண்ணில்தான் தொடங்கியது. சால்ட் லேக் சிட்டிப் பையன் விமானம் ஏறி வந்து கடக்கும் தூரத்தை நாம் ஒரு நிலையப் பயணத்தில் கடக்கவில்லை என்றால், அந்தக் குறை நம்முடையது.

வேலை என்ன இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்பீர்கள். தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குச் சான்று காட்டுபவருக்குத் தாராவியிலேயே வீடு என்பது விதி. மற்றவர் வெளியே போக வேண்டியிருக்கும். பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, ஒரு காகிதத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஒரு குடும்பம் தவிக்கும். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் படிவத்தை ஒரு பாட்டிக்குத் தமிழில் படித்துச் சொல்லி, அவர் காகிதங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க ஒரு கல்லூரிப் பிள்ளைக்கு மாலை இரண்டு மணி நேரம் போதும். சயான் மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் திகைக்கும் தமிழ்த் தாய்க்குத் துணை நிற்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். இவற்றில் ஏற்கெனவே உழைக்கும் அமைப்புகளும் சங்கங்களும் தாராவியில் உண்டு; புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம், அவர்களிடம் போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள், அவர்கள் சொன்னதைச் செய்யுங்கள்.

மார்மன் பிள்ளைகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய மதம் அல்ல, அவர்களுடைய ஒழுங்கு. சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் இருவராகப் போய் நிற்பது. மனம் வந்தால் போவேன், வேலை இருந்தால் மாட்டேன் என்று சொல்லாதது. செலவைத் தானே ஏற்பது. அந்த ஒழுங்கோடு நம்மிடம் அவர்களுக்குக் கிடைக்காத இரண்டு இருக்கின்றன: மக்களின் மொழி, பக்கத்தில் இருக்கும் வீடு. ஃபிண்ட்லேக்கும் பாலன்டைனுக்கும் இல்லாதது அதுதான். ஆகவே இந்த அவையில் உள்ள ஒவ்வோர் இளைஞரையும் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, ஓராண்டுக்கு, ஒரே தெருவில், ஒரே அமைப்பின் பொறுப்பில் வேலை செய்யுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயரோடு, எந்தக் கிழமை வருவீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். கிழமையை எழுதியவரைத்தான் ஒரு தெரு எதிர்பார்த்து நிற்க முடியும்.